இச்சி மரத்துக்கு நான் வெட்டிய கவ்வாத்து

அன்புள்ள மகனுக்கு,

எனக்கு ஞாபகம் தப்பிவிட்டது என்று பதுளையில் ஒரு பேச்சு நடக்கிறது. உன் காதுக்கும் வந்திருக்கும். பக்கத்து வீட்டு சரோஜா உனக்குப் போன் பண்ணாமல் இருந்திருக்க மாட்டாள். போன கிழமை நான் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி மடுல்சீமைக்குப் போனேனாம். தோட்டத் தொழிலாளர் இருக்கும் ஒரு லயத்து வாசலில் பாதி நாள் உட்கார்ந்திருந்தேனாம். பழைய வேலைக்காரி லெச்சுமியைத் திரும்பவும் சமைக்க வரச் சொல்லிக் கெஞ்சினேனாம். இதில் திருத்த வேண்டியவை சில உண்டு. பஸ் பசறை வரைக்கும்தான், அதற்கு மேலே ஆட்டோவில் போனேன். பாதி நாள் இல்லை, இரண்டு மணி நேரம். வாசலில் உட்காரவில்லை, அவர்கள் துடைத்துப் போட்ட நாற்காலியில் வீட்டுக்குள்ளே உட்கார்ந்தேன். சமைக்க யாரையும் கூப்பிடவில்லை. என் ஞாபகம் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறது. அது கொஞ்சம் குறைந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத வேண்டி வந்திருக்காது.

கடந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நீ எல்ல ஊரிலிருந்து வந்தபோது இதை உன்னிடம் சொல்லத்தான் இருந்தேன். முதல் ஞாயிறு, நீ சாப்பிட்டுக் கை கழுவி வரட்டும் என்று காத்திருந்து, நீ வந்ததும் தேத்தண்ணீருக்குச் சீனி போதுமா என்று கேட்டேன். இரண்டாவது ஞாயிறு அதுவும் கேட்கவில்லை. பேச்சில் எனக்கு எப்போதும் தப்பிக்க ஒரு வழி கிடைத்துவிடும். எழுத்தில் கிடைக்காது. கொன்வென்டில் எங்களுக்குத் தையல் சொல்லிக் கொடுத்த சிஸ்டர், ஒரு தையல் கோணினாலும் முழு வரிசையையும் பிரிக்க வைப்பார். பிரித்துவிட்டு முதல் தையல் எங்கே கோணியது என்று விரலை வைத்துக் காட்ட வேண்டும். இன்றைக்கு உனக்கு அதைத்தான் செய்கிறேன்.

நீ பதினாறு வயதில் பசறை ரோட்டுப் பாலத்துக் கருங்கல் சுவரிலிருந்து, அப்பாவின் உளியை எடுத்துக்கொண்டு போய்ப் பெயர்த்து வந்தாயே, அந்த இச்சிக் கன்று உனக்கு மறந்திருக்காது. ஆலமரத்துக்குத் தம்பி போல ஒரு மரம், அதை ஏன் சோறு சாப்பிடுகிற தட்டு மாதிரி ஒரு சட்டியில் வைத்துக் குட்டையாக்குகிறாய் என்று நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்த மனிதர், ஆபீஸ் முடிந்து வந்ததும் உன்னோடு குந்தியிருந்து அதன் வேரைப் பார்ப்பார். ஏ. எல். பரீட்சை வந்த வருஷம் நீ அடிமரத்தைச் சுற்றிக் கட்டிய கம்பியை அவிழ்க்க மறந்துபோனாய். கம்பி பட்டைக்குள் இறங்கி, மூன்று மோதிரம் போட்டது மாதிரி தழும்பு விழுந்துவிட்டது. அன்றைக்கு நீ சாப்பிடவில்லை. அந்த மூன்று தழும்பை நினைவில் வைத்துக்கொள். பின்னால் வரும்.

அப்பா காலமாகி இரண்டு வருஷம் கழித்து நீ கட்டாருக்கு வேலைக்குப் போனாய். போகும்போது மரத்தை என் கையில் கொடுத்து, ஒரு கொப்பித் தாளில் என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதித் தந்தாய். காலையில் தண்ணீர், கிழமைக்கு ஒரு தரம் திருப்பி வைப்பது, கம்பியைப் பார்ப்பது. கடைசி வரியில் "வேரையும் இலையையும் ஒரே நேரத்தில் வெட்ட வேண்டாம், நான் வந்து செய்கிறேன்" என்று எழுதி அதன் கீழே கோடு போட்டிருந்தாய். அந்தத் தாள் இன்னும் என் பைபிள் பெட்டிக்குள் இருக்கிறது. பைபிள் பெட்டி என்பது கொன்வென்டில் பரிசாகக் கிடைத்தது, அதில் நான் விபூதிப் பொட்டலமும் பிறப்புப் பத்திரங்களும் வைத்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். தாள் தொலைந்துவிட்டது என்று உன்னிடம் ஒரு தடவை சொன்னேன். தொலையவில்லை.

அடுத்த வருஷம் கொன்வென்ட் பழைய மாணவியர் சங்கத்தில் மலர்க் கண்காட்சி வைத்தார்கள். போன்சாய்க்கு ஒரு தனி மேசை. பஜாரில் துணிக்கடை வைத்திருக்கிற வீட்டு அம்மா கொழும்பிலிருந்து ஒரு மரத்தை வரவழைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். என் மகன் கையால் வளர்த்தது அதைவிட மேலாக நிற்க வேண்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் மேலாக நிற்க வேண்டும் என்று நினைத்தேன். தாய்மையைச் சொல்லி அதை மூடிக்கொண்டது சுலபமாக இருந்தது. நீ போனபிறகு மரம் தழைத்து, விழுது விட்டு, தாடி வளர்த்த ஆள் மாதிரி இருந்தது. எனக்கு ஒழுங்கில்லாத எதுவும் பிடிக்காது. நீல நிறத்தில் உள்ளங்கை ஆழம்கூட இல்லாத ஒரு தட்டை வாங்கி வந்தேன். முப்பது வருஷம் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவளுக்கு மரம் வெட்ட யார் சொல்லித்தர வேண்டும்? தேயிலையும் விட்டால் முப்பது அடி வளரும் மரம்தான், கவ்வாத்து வெட்டி வெட்டித்தானே இடுப்பளவில் நிறுத்துகிறார்கள் என்று சங்கத்துப் பெண்களிடம் ஒரு சொற்பொழிவே செய்திருந்தேன். மலையில் கவ்வாத்து நடந்த பிறகு குச்சி குச்சியாக நிற்கும் செடி மூன்றாம் மாதம் துளிர்ப்பதை ஆபீஸ் குவார்ட்டர்ஸ் ஜன்னலில் இருந்து எத்தனை தரம் பார்த்திருக்கிறேன். ஜன்னலில் இருந்து பார்த்தேன் என்பதுதான் விஷயம்.

ஒரு ஆடி மாதக் காலையில், வறண்ட கச்சான் காற்று கூரைத் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தபோது, மரத்தைச் சட்டியிலிருந்து எடுத்து, எல்லா இலையையும் எல்லாச் சிறு கொப்பையும் வெட்டினேன். புதுத் தட்டில் உட்கார வேண்டும் என்று வேரிலும் பாதிக்கு மேல் வெட்டினேன். பால் வடிந்து என் கை எல்லாம் ஒட்டியது. லெச்சுமி அடுப்புச் சாம்பலைக் கொண்டுவந்து வெட்டுப்பட்ட இடங்களில் தொட்டு வைத்தாள். அப்போது எங்கள் வீட்டில் திங்கள் முதல் சனி வரை தங்கி வேலை செய்துகொண்டிருந்தாள், சனி பின்னேரம் மடுல்சீமைக்குப் போய்த் தன் பிள்ளையைப் பார்த்துவிட்டு வருவாள். சாம்பல் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"எங்கப்பா கவ்வாத்து வெட்டுறவருங்கம்மா. வெட்டுறதுக்கு முந்தி ஒரு மாசம் ஒன்றரை மாசம் அந்த மலையில கொழுந்தே எடுக்க விட மாட்டாங்க. வேருல சத்து ஏறணும்ல. அப்பயும் ஒரு கொப்ப எலையோட விட்டுட்டுத்தான் வெட்டுவாரு, செடி மூச்சு வாங்குறதுக்கு. வேர யாருமே தொட மாட்டாங்க. இதுக்கு மேலயும் கெடையாது, கீழயும் கெடையாதுன்னு பண்ணிட்டீங்களே."

"தேயிலையும் இதுவும் ஒண்ணா? நீ எனக்குப் பாடம் எடுக்காத லெச்சுமி, போய் உலையைப் பாரு" என்றேன். தேயிலையை உதாரணம் காட்டி ஊருக்குப் பாடம் எடுத்தவள் நான்.

பதினைந்து நாளில் கொப்பு நுனிகள் கறுத்தன. ஒரு மாதத்தில் மேல் பாதி விறகாகிவிட்டது. கண்காட்சிக்கு நான் போகவில்லை, சளி என்று சொல்லி அனுப்பினேன். அந்த ஞாயிறு நீ கட்டாரிலிருந்து போன் பண்ணினாய். மரம் எப்படியிருக்கிறது என்று கேட்டாய், எப்போதும் அதுதான் உன் இரண்டாவது கேள்வி. பதில் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட எடுக்கவில்லை. லெச்சுமி சூட்டோடு கஞ்சித் தண்ணீரைச் சட்டியில் கொட்டிவிட்டாள், வேர் வெந்து மரம் செத்துவிட்டது என்றேன். நீ, விடுங்க அம்மா, அவங்களுக்கு என்ன தெரியும் என்றாய். அந்த வாரம் பிள்ளைக்குப் பள்ளிக்கூட லீவு என்று அவளையும் இங்கேயே கூட்டிவந்து, லெச்சுமி ஊருக்குப் போகாமல் நின்றிருந்தாள். அரிசி கழுவிக்கொண்டிருந்தவள் கையை அரிசிக்குள்ளேயே வைத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை. நான் போனை வைத்ததும் மறுபடி அரிசியைக் கழுவத் தொடங்கினாள்.

மறுநாள் நான் அந்தக் கட்டையைத் தட்டோடு கொண்டுபோய்க் குப்பைக்குழி ஓரத்தில் வைத்தேன். லெச்சுமி நகத்தால் அடிமரத்தில் சுரண்டிப் பார்த்தாள். "பால் இருக்குதும்மா. உசிரு இருக்கு" என்றாள். நான் கேட்காத மாதிரி நின்றேன். "இத நான் எடுத்துக்கிறட்டுங்களா?" என்றாள். "எதை வேணும்னாலும் எடுத்துக்கிட்டுப் போ" என்றேன். என் வாயால் சொன்னேன், தம்பி. அவள் தட்டை வைத்துவிட்டுக் கட்டையை மட்டும் ஒரு மாவுப் பையில் போட்டுக்கொண்டு, அந்தச் சனிக்கிழமை மகளோடு பஸ் ஏறினாள். திங்கட்கிழமை வரவில்லை. நான் அவளை நிறுத்திவிட்டேன் என்று ஊரெல்லாம் சொன்னேன். நான் நிறுத்தவில்லை, அவள்தான் நின்றுகொண்டாள். நீலத் தட்டில் இப்போது நான் எலுமிச்சங்காய் வைக்கிறேன், நீ பார்த்திருக்கிறாய்.

இத்தோடு முடிந்திருந்தால் ஒரு கிழவியின் பழைய பாவமாகவே என்னோடு போயிருக்கும். முடியவில்லை. போன மாதம் நீ உன் போனை என் முன்னால் நீட்டினாய். கட்டாரிலிருந்து வந்து எல்லயில் நீ தொடங்கிய குட்டை மரப் பண்ணைக்கு ஆள் வேண்டும் என்று போட்ட விளம்பரத்துக்கு, மடுல்சீமையிலிருந்து சுகந்தி என்று ஒரு பிள்ளை, தான் வளர்த்த மரத்தின் படத்தை அனுப்பியிருந்தது. பிளாஸ்டிக் பேசினை அறுத்துச் செய்த சட்டியில் ஒரு இச்சி. அடிமரத்தில் மூன்று மோதிரம். நீ படத்தைப் பெரிதாக்கி, "இது நம்ம மரம்தானே? அந்தப் புள்ள யாருன்னு விசாரிச்சேன், லெச்சுமி மகளாம். செத்துப்போச்சின்னு சொல்லிட்டுக் களவெடுத்துக்கிட்டுப் போயிருக்காங்க பாருங்க" என்றாய். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். "அப்படித்தான் தெரியுது" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பதினோரு வருஷத்துக்கு முந்தைய பொய்யை அவசரத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம். இதை நிதானமாக, கண்ணாடியைத் துடைத்துவிட்டுச் சொன்னேன். எனக்கு அதைவிட இதுதான் அதிகம் சுடுகிறது.

நீ அந்தப் பிள்ளைக்கு என்ன பதில் அனுப்பினாய் என்று நான் கேட்கவில்லை. நீயே அடுத்த கிழமை சொன்னாய். அவளுக்கு வேலையில்லை என்றும், எல்லயில் உனக்குப் பழக்கமான இரண்டு ஹோட்டல்காரர்களுக்கும் அந்தக் குடும்பத்தைப் பற்றி எச்சரித்துவிட்டதாகவும் சொன்னாய். "எங்கம்மா ஒரு வார்த்த கூட்டிக் கொறச்சிப் பேச மாட்டாங்க" என்று அவர்களிடம் சொன்னாயாம். பெருமையாகத்தான் சொன்னாய்.

அதனால்தான் போனேன். லயத்தில் கடைசி வீட்டுக்கு முன்னால், பீலியிலிருந்து தண்ணீர் விழும் இடத்துக்குப் பக்கத்தில் மரம் நின்றது. நான் முதலில் மரத்தைத்தான் பார்த்தேன். உன் கையில் இருந்தபோது அது இவ்வளவு அழகாக இருந்ததில்லை, இதைச் சொல்வதற்கு நீ கோபிக்கக் கூடாது. செத்துப்போன மேல் பாதியை அந்தப் பிள்ளை மறைக்காமல் வெள்ளைக் கட்டையாக அப்படியே விட்டிருக்கிறாள். கீழே இருந்து வந்த ஒரே துளிரைப் பக்கவாட்டில் வளைத்து, அதையே மரமாக்கியிருக்கிறாள். பழைய மின்சார வயரை உரித்து எடுத்த கம்பி. ஒரு இடத்திலும் பட்டைக்குள் இறங்கவில்லை. விழுதுகளை வெட்டாமல் மண்ணில் இறக்கிவிட்டிருக்கிறாள். நான் அசிங்கம் என்று வெட்டிய தாடி இப்போது மரத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது.

லெச்சுமி என்னைக் கண்டதும் திகைத்துப்போனாள். நான், "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். "என்னங்கம்மா புதுசா நீங்க நாங்கன்னு. பயமா இருக்கு, எப்பயும் போலயே பேசுங்க." நாற்காலியைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். அவள் வேலையை விட்டுப் போன வருஷத்துத் தீபாவளிக்கு நான் பஸ் கண்டக்டரிடம் ஒரு சேலை கொடுத்தனுப்பியிருந்தேன். அது என் மனதில் பதினோரு வருஷமாக ஒரு பரிகாரம் மாதிரி உட்கார்ந்திருந்தது. அதைக் கேட்டேன். "கட்டிக் கிழிச்சிட்டேங்கம்மா. நல்ல சீல. கோவத்துக்காகச் சீலய வுடுவாங்களா?" என்றாள்.

அந்தப் பிள்ளை சுகந்தி அடுப்பங்கரைக் கதவில் நின்றாள். இருபத்தொரு வயது. என்னை முறைத்துக்கொண்டே தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அம்மாவுக்குக் கட்டுப்பட்டு வைத்தாள், எனக்காக இல்லை. நான் அவர்கள் இருவருக்கும் முன்னால் நடந்ததைச் சொன்னேன். கஞ்சித் தண்ணீர் என்று ஒன்று இருந்ததே இல்லை என்றேன். லெச்சுமி தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். சுகந்தி மட்டும் என்னைத் திருப்பிக் கேட்டாள்: "இத இங்க வந்து எங்ககிட்ட எதுக்குச் சொல்றீங்க? எங்களுக்குத்தான் தெரியுமே. ஒங்க மகனுக்குத்தானே தெரியாது?"

லெச்சுமி மகளை அதட்டிவிட்டு என்னிடம் சொன்னாள்: "மரம் வேணும்னா கொண்டு போங்கம்மா. எம் புள்ள பேர மட்டும் திருப்பிக் குடுத்துருங்க. எல்லயில அவளக் களவாணின்னு சொல்லியிருக்காங்களாம். நாளைக்கி வேற எடத்துக்கும் வேலைக்கிப் போகணும், ஒருத்தன் கட்டிக்கிட்டுப் போகணும்."

உனக்கு ஒன்பது வயதில் அப்பாவின் மைக்கூடு உடைந்தது ஞாபகம் இருக்கிறதா? நீதான் உடைத்தாய் என்று பிரம்பால் அடித்தேன். அடித்து முடிந்த பிறகுதான், காலையில் மேசை துடைக்கும்போது நானே அதை ஓரத்துக்குத் தள்ளி வைத்தது நினைவுக்கு வந்தது. பின்னேரம் உனக்குக் கேக் வாங்கித் தந்தேன். ஏன் என்று நீ கேட்கவில்லை, சந்தோஷமாகச் சாப்பிட்டாய். கணக்கு நேராகிவிட்டது என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், அடி உனக்கு விழுந்தது தவறு என்று யாரும் உனக்குச் சொல்லவே இல்லை. லெச்சுமிக்குச் சேலை, உனக்குக் கேக். வாயால் சொல்ல வேண்டியதைக் கடையில் வாங்கிக் கொடுப்பது என் வழக்கமாக இருந்திருக்கிறது. உன்னிடமும் அந்தப் பழக்கம் இருப்பதைப் பார்க்கிறேன். உன்னிடம் வேலை செய்கிற பையன்களைத் திட்டிவிட்டு மறுநாள் பிரியாணி வாங்கிக் கொடுப்பாய். அதை விட்டுவிடு. தவறு என்றால் தவறு என்று அந்த ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல். பிரியாணி பிறகு கொடுக்கலாம்.

இனி நீ செய்ய வேண்டியது. அந்த இரண்டு ஹோட்டல்காரர்களிடமும் நேரில் போய், உன் அம்மா பொய் சொன்னாள் என்று சொல். ஏதோ தப்பாக விளங்கிக்கொண்டோம் என்று சொல்லாதே. என்னைக் காப்பாற்றப் பார்ப்பாய், வேண்டாம். சுகந்திக்கு இரக்கப்பட்டு வேலை கொடுக்காதே. அவளைப் பண்ணைக்கு வரச்சொல்லி, கம்பி கட்ட வைத்துப் பார்த்து, கை நன்றாக இருந்தால் கொடு. நன்றாக இருக்கிறது என்பது என் அபிப்பிராயம், ஆனால் மரங்களைப் பற்றி என் அபிப்பிராயத்துக்கு என்ன மதிப்பு என்று இப்போது உனக்குத் தெரியும். மரத்தைத் திருப்பிக் கேட்காதே. உனக்கு வலிக்கும், எனக்குத் தெரியும், அப்பா கைபட்ட மரம். ஆனால் நான் அதைக் கொடுத்துவிட்டேன், அவர்கள் அதைப் பிழைக்க வைத்துவிட்டார்கள்.

கஞ்சித் தண்ணீர்க் கதையைச் சங்கத்துக் கூட்டத்திலும் நான் சொல்லியிருக்கிறேன். அதனால் இந்தக் கடிதத்தின் ஒரு பிரதியைச் சங்கத்து ஆண்டு மலருக்கும் கொடுத்திருக்கிறேன். அச்சில் வரும். ஞாபகம் தப்பியவள் எழுதியது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, எழுத்துப் பிழை இல்லாமல் மூன்று தரம் பார்த்துத்தான் கொடுத்தேன். நீ இனி என் பேச்சை முன்புபோல் நம்ப மாட்டாய். அது எனக்குக் கிடைக்க வேண்டியதுதான். என் மேல் கோபம் என்றால் ஞாயிற்றுக்கிழமை வராமலும் இரு, நான் சமைத்து வைத்துவிட்டுக் கேட்டைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன் என்று சொல்ல முடியாது, ஆனால் குறை சொல்ல மாட்டேன்.

நான் லெச்சுமியிடம் மறுபடியும் வருவேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வெறும் வாயோடு போக முடியாது. என் வாய்ச்சொல்லை நம்ப அவர்களுக்கு இனிக் காரணம் இல்லை. அதனால் போன் பண்ணாதே, மெசேஜும் வேண்டாம். மரம் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது, களவு போகவில்லை என்று, சுகந்தியின் பேரைப் போட்டு, உன் கையால் ஒரு தாளில் எழுதி, கையெழுத்தும் திகதியும் போட்டு எனக்குத் தபாலில் அனுப்பு.

அம்மா